குளிர்காய்ச்சலும் உடம்பில் உறங்கும் கிருமிகளும்



ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் வட்டாரத்தில் இன்று தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியிருக்கும் பல குடும்பங்கள், ஒரு தலைமுறைக்கு முன்னர் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவியவை. அத்தகைய வீடுகளில் லயத்தில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் மலேரியாவைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். ஆற்றோரத்தில் எண்ணெய் தெளித்த கதையையும், வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடித்த கதையையும், தம் பெற்றோர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொயினா மாத்திரை விழுங்கிய கதையையும் அவர் சொல்லுவார். அந்தப் பேச்சினிடையே இன்னொன்றும் வரும். "காய்ச்சல் வந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் உதடெல்லாம் கொப்புளம் போட்டுவிடும், அது போட்டால் காய்ச்சல் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்" என்பார்.

இந்த உதட்டுக் கொப்புளம் ஏன் வருகிறது? காய்ச்சல் வெளியே வந்ததற்கு அது அடையாளமாகுமா? இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். கேட்பதற்குச் சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால், நம் உடம்பின் காவல் எவ்வாறு நடக்கிறது, மலேரியா அந்தக் காவலை எவ்வாறு குலைக்கிறது, ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு வரும் ஒரு புற்றுநோய்க்கும் கொசுவுக்கும் என்ன தொடர்பு என்பனவெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. நம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் எத்தனை நாள் காத்திருக்கலாம் என்ற உயிர் போகும் கேள்வியும் இதில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்குவது மலேரியாக் கிருமி அன்று. அது வேறொரு கிருமியின் வேலை. அதற்கு ஹெர்பிஸ் என்று பெயர். அது வைரஸ் என்னும் மிக நுண்ணிய வகையைச் சேர்ந்தது. உலகில் மூவரில் ஏறக்குறைய இருவருடைய உடம்பில் அது இருக்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே எச்சில் வழியாகத் தொற்றிவிடும். தொற்றியபின் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சு ஒன்றில், காதுக்கு முன்புறத்து எலும்புக்கு உட்பக்கமாக, ஓசையின்றி ஒதுங்கிக்கொள்ளும். மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக அங்கேயே கிடக்கும். எந்தத் தொல்லையும் தராது. இப்படி ஒதுங்கிக் கிடக்கும் கிருமியைத்தான் உறங்கும் கிருமி என்று இந்த உரையில் குறிப்பிடப்போகிறோம்.

இந்த வகையில் நம்மிடையே பரவலாக இருக்கும் கிருமிகள் இன்னும் இரண்டுண்டு. ஒன்று, சின்னம்மைக் கிருமி. பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, வீட்டைத் தூய்மையாக வைத்து, பதினைந்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். அம்மை இறங்கிவிட்டது என்கிறோம். தோலிலிருந்து அது இறங்கிவிட்டது உண்மையே. ஆனால் கிருமி முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து, உடம்பு தளர்ந்த வேளையில், ஒரே ஒரு நரம்பின் வழியாக வெளியே வந்து, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலக் கொப்புளம் எழுப்புகிறது. அதைத்தான் நாம் அக்கி என்கிறோம். சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமியின் இரண்டு முகங்கள் என்பதையும், அக்கி என்பது பழைய அம்மைக் கிருமி விழித்துக்கொள்வதே என்பதையும் ஹோப்சிம்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1965ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தார்.

மற்றொன்று, எப்ஸ்டீன்-பார் வைரஸ் எனப்படுவது. பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். கிருமி புதிதன்று. உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் எச்சில் வழியாகப் பரவுவதுதான். அது ஒளிந்துகொள்ளும் இடம் நரம்பு அன்று. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

இத்தனை கிருமிகள் உள்ளே கிடக்க, நாம் எப்படி நலமாக நடமாடுகிறோம்? அவை தாமாக உறங்குவதில்லை. உறங்க வைக்கப்படுகின்றன. நம் வெள்ளணுக்களில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. பி அணுக்கள் என்பவை கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தயாரித்து இரத்தத்தில் அனுப்புகின்றன. டி அணுக்கள் என்பவை ஊர் சுற்றி வரும் காவலர்கள். கிருமி புகுந்து கெட்டுப்போன அணு எங்கே இருந்தாலும் நேரில் போய் அதை அழிப்பவை. உறங்கும் கிருமிகள் தலைதூக்கும் போதெல்லாம் தட்டி அடக்குவது பெரும்பாலும் இந்த டி அணுக்கள்தாம். பகலிலும் இரவிலும், நமக்குத் தெரியாமலேயே, இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இனி மலேரியாவுக்கு வருவோம். மலேரியாக் கிருமி பெண் அனாபிலிஸ் கொசுவின் கடி வழியாக உடம்புக்குள் வருகிறது. முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பெருகுகிறது. பிறகு இரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் நுழைந்து, அவற்றைத் தின்று, உடைத்துக்கொண்டு வெளியேறி, அடுத்த சிவப்பணுவைப் பிடிக்கிறது. கோடிக்கணக்கான அணுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உடையும்போது உடம்பு கிடுகிடுவென நடுங்குகிறது. பிறகு அனலாய்க் கொதிக்கிறது. பிறகு வியர்த்துக் கொட்டுகிறது. சில வகைக் கிருமிகளுக்கு இந்தச் சுற்று 48 மணி நேரம். ஒரு வகைக்கு 72 மணி நேரம். நம் நாட்டுக் காட்டுக் குரங்குகளிடமிருந்து வரும் வகைக்கோ 24 மணி நேரமே. இடது விலாவுக்குக் கீழே இருக்கும் மண்ணீரல் இந்தப் போரில் பெருத்து வீங்குகிறது. அந்நாளில் தோட்டங்களுக்கு வந்த மருத்துவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்ற கணக்கைக் கொண்டே அந்தத் தோட்டத்தில் எவ்வளவு மலேரியா இருக்கிறது என்று மதிப்பிட்டார்கள்.

இந்தப் பெரும் போர் நடக்கும் நாட்களில் உறங்கும் கிருமிகளைக் காப்பது யார்? தோட்ட வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். ஒரு தோட்டத்தில் நான்கு ஜாகாக்கள் இரவுக் காவல் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோர் அறைக்குள் ஒரு திருடனைப் பூட்டி வைத்து, ஒருவர் வாசலில் நிற்கிறார். நள்ளிரவில், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகையில் தீப்பிடித்துவிட்டது. எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். திருடன் கதவைத் தள்ளிப் பார்க்கிறான். தடுக்க ஆளில்லை. தீயை மூட்டியவன் அவன் இல்லை. ஆயினும் தீ அவனுக்கு வசதி செய்து கொடுத்துவிட்டது. மலேரியாவின்போது உடம்பில் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்கிறார்கள். முதலாவதாக, மலேரியா கடுமையாக இருக்கும் நாட்களில், இரத்தத்தில் சுற்றி வரும் டி அணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. அவை மண்ணீரல் முதலிய உறுப்புகளுக்கு இழுக்கப்படுகின்றன. மருந்து கொடுத்துக் காய்ச்சல் தணிந்ததும் எண்ணிக்கை மீளுகிறது. இரண்டாவதாக, எஞ்சிய காவலர்களின் கையும் கட்டப்படுகிறது. கிருமியை எதிர்த்துச் சண்டை அளவு மீறிப் போனால் நம் உறுப்புகளே வெந்துபோகும். ஆகவே உடம்பே சில அடக்கும் பொருள்களைச் சுரந்து வேகத்தைக் குறைக்கிறது. அந்தக் கட்டுப்பாடு மலேரியாவோடு நிற்பதில்லை; மற்றக் கிருமிகளை அடக்கும் வேலையும் தளர்ந்துவிடுகிறது. மேலும், சிவப்பணுவைத் தின்ற மலேரியாக் கிருமி விட்டுச் செல்லும் கருநிறக் கழிவு, எதிரி வந்திருக்கிறான் என்று முரசறையும் அணுக்களுக்குள் புகுந்து அவற்றை மந்தமாக்குகிறது. மூன்றாவதாக, மலேரியா பி அணுக்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஒளிந்திருக்கும் வீடு அந்தப் பி அணுக்களே என்பதை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காவலர் குறைந்த நேரம் பார்த்து அதன் வீடும் பெருகுகிறது.

உதட்டுக் கொப்புளத்தைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. கடுங்காய்ச்சலின் சூடும் உடல் வாதையும் நரம்பில் கிடக்கும் ஹெர்பிஸ் கிருமியை நேரடியாகவே எழுப்பிவிடுகின்றன. அதனால்தான் கடும் வெயிலில் அலைந்தாலும், நிமோனியாக் காய்ச்சல் வந்தாலும் சிலருக்கு உதட்டில் கொப்புளம் போடுகிறது. மலேரியாவில் அது அடிக்கடி காணப்படுவதைப் பழைய மருத்துவ நூல்களே குறித்து வைத்திருக்கின்றன.

இவையெல்லாம் எப்படித் தெரிய வந்தன? அந்த வரலாறு சுவையானது, துயரமும் கலந்தது.

ஆப்பிரிக்காவில் உகாண்டா என்றொரு நாடு. அதன் தலைநகர் கம்பாலாவில் முலாகோ மருத்துவமனை இருக்கிறது. அங்கே டெனிஸ் பர்க்கிட் என்னும் அயர்லாந்துக்காரர் அறுவை மருத்துவராக இருந்தார். 1957ஆம் ஆண்டில் தாடையின் இரு பக்கமும் வீங்கிய ஒரு சிறுவனை அவரிடம் காட்டினார்கள். அதே போன்ற வீக்கத்துடன் வேறு குழந்தைகளும் இருப்பதை அவர் கண்டார். அது வேகமாக வளரும் ஒரு வகைப் புற்றுநோய். 1958இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு 1961ஆம் ஆண்டில் இரண்டு மருத்துவ நண்பர்களுடன் ஒரு பழைய வண்டியில் ஏறி, பத்து வாரங்களில் பத்தாயிரம் மைல் தூரம் ஆப்பிரிக்காவைச் சுற்றினார். ஒவ்வொரு மருத்துவமனையாக நின்று, "இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டார். முடிவில் பார்த்தால், வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் மட்டும் அந்த நோய் இருந்தது. குளிர்ந்த மலைநாடுகளில் இல்லை. கொசு வாழும் இடத்தின் படமும் அந்த நோயின் படமும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தின.

அதே 1961இல் பர்க்கிட் இலண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளருக்கு, இதன் பின்னால் ஒரு வைரஸ் இருக்கக்கூடும் என்று தோன்றியது. உகாண்டாவிலிருந்து அந்தக் கட்டியின் துண்டுகளை விமானத்தில் வரவழைத்தார். எப்ஸ்டீன், இவோன் பார் என்ற பெண்மணி, பெர்ட் அச்சோங் ஆகிய மூவரும் 1964ஆம் ஆண்டில், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியாக, அந்தப் புற்றணுக்களுக்குள் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்ற பெயர் அப்படி வந்தது.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. இந்த வைரஸ் உலகில் எல்லோரிடமும் இருக்கிறதே. அப்படியானால் தாடைப் புற்று மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கத் தாழ்நிலங்களிலும் பப்புவா நியூ கினியிலும் மட்டும் ஏன் மிகுதியாக இருக்க வேண்டும்? விடையின் முக்கியப் பகுதி 1984ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலிருந்து வந்தது. விட்டில் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், கடுமையான மலேரியா கண்டவர்களின் இரத்தத்தை நோய் இருக்கும்போது ஒரு முறையும், குணமான பின் ஒரு முறையும் எடுத்தார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் புகுந்த பி அணுக்களை அவர்களுடைய டி அணுக்கள் அடக்குகின்றனவா என்று சோதனைக்குழாயில் பார்த்தார்கள். குணமான பின் எடுத்த இரத்தத்தில் டி அணுக்கள் தங்கள் வேலையைச் செய்தன. நோயின்போது எடுத்த இரத்தத்திலோ அந்தக் கட்டுப்பாடு இழக்கப்பட்டிருந்தது. வைரஸ் புகுந்த அணுக்கள் தடையின்றி வளர்ந்தன. ஜாகா தீயணைக்கப் போய்விட்டார் என்பது அன்று கண்ணெதிரே தெரிந்தது.

அதன்பின் வந்த ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. கென்யாவில் மலேரியா ஓயாமல் இருக்கும் ஏரிக்கரைப் பகுதிக் குழந்தைகளையும், அது எப்போதாவது வரும் மலைப்பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2005இல் வெளிவந்த ஆய்வில், ஏரிக்கரைச் சிறு குழந்தைகளின் இரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் மிகுதியாக இருந்தது. உகாண்டாவில், மலேரியா கண்ட குழந்தைகளுக்கு மலேரியா மருந்து கொடுத்ததும் இரத்தத்தில் மிதந்த இந்த வைரஸின் அளவு குறைந்தது. வைரஸுக்கு என்று தனி மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. தீ அணைந்தது, காவலர் திரும்பினார், திருடன் அடங்கினான்.

இதைக் கேட்டுத் தாய்மார்கள் கலங்க வேண்டாம். ஒரு முறை மலேரியா வந்தால் புற்றுநோய் வந்துவிடும் என்பது இதன் பொருளில்லை. பிறந்ததிலிருந்து ஆண்டுக்குப் பல முறை, ஆண்டுதோறும், தகுந்த மருந்தின்றி மலேரியா தாக்கும் ஊர்களில்தான் இந்த ஆபத்து எழுகிறது. அங்கும் சில குழந்தைகளுக்கே அது வருகிறது. வந்தாலும் காலத்தில் மருந்து கிடைத்தால் பலரைக் குணப்படுத்த முடிகிறது. ஒரு நோய் இன்னொரு நோய்க்குக் கதவைத் திறந்துவிடும் என்பதே இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

இந்தப் பாடத்துக்கு நம் மண்ணிலும் வேர் இருக்கிறது. பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டிலேயே ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் மூதாதையர் காட்டை அழித்து மரம் நட்டார்கள். கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் மடிந்தார்கள். சிலாங்கூரில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், 1901 முதல் கிள்ளான் பகுதியில் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். ஆனால் மலையோரத் தோட்டங்களில் அந்த முறை பலிக்கவில்லை. காரணத்தை அவர் பின்னர் கண்டார். மலைச்சரிவில் நோயைப் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடுவது. மரத்தை வெட்டி ஓடைக்கு வெயிலைக் காட்டியதே அதற்கு விருந்தாகிவிட்டது. அதன் பிறகே ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக விடுவதும், எண்ணெய் தெளிப்பதும் தோட்டங்களில் வழக்கமாயின. நம் பெரியவர்கள் சொல்லும் எண்ணெய் தெளித்த கதையின் தொடக்கம் இதுதான்.

பிறகு வந்தது ஜப்பானியர் காலம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே மாண்டவர்களைக் கொன்றது ஒரு நோயா, இரண்டா? மலேரியா, வாந்திபேதி, சீதபேதி, பெரிபெரி எல்லாம் ஒரே உடம்பில் கூடின. பசியும் சேர்ந்தது. காவல் குலைந்த உடம்பில் எது முந்தி வந்தாலும் வென்றது. பேராக்கில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது.

இன்றைய நிலை என்ன? 1967ஆம் ஆண்டில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது முதல் நம் நாடு நெடுந்தூரம் வந்துவிட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா வகைகளில், உள்நாட்டிலேயே தொற்றியவர் என்று 2018ஆம் ஆண்டில் ஒருவர்கூட இல்லை. இது பெருமைப்படத்தக்க சாதனை. ஆயினும் மலேரியா போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காட்டுக் குரங்குகளிடம் இருக்கும் நோலெசி என்ற வகை, கொசுவின் வழியாக மனிதருக்கு வருகிறது. சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் ஆகிய இருவரின் குழு 2004ஆம் ஆண்டில் இது பரவலாக இருப்பதை வெளிப்படுத்தியது. 2018 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் மலேசியாவில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இது கண்டது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. தீபகற்பத்தில் நம் பேராக்கும் இதற்கு விலக்கில்லை. காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்வோர், டுரியான் காவலுக்கு இரவில் தங்குவோர், மலையேறுவோர், வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் காட்டுக்குள் போவோர் ஆகியோருக்கே இது பெரும்பாலும் வருகிறது.

இந்த வகையின் சுற்று 24 மணி நேரம் என்று முன்பே சொன்னோம். நாளுக்கு நாள் கிருமி பெருகுகிறது. வயதானவர்களை மிகக் கடுமையாகத் தாக்கும். டிங்கிக் காய்ச்சலைப் போலவே இதிலும் இரத்தத் தட்டணுக்கள் குறையும். ஆகையால் டிங்கி என்றே நினைத்துக் காலம் கடத்திவிடும் ஆபத்து உண்டு.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். காட்டோரத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அறுபது வயதுத் தந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நான்காம் நாள் உதட்டில் கொப்புளம் போடுகிறது. "சூடு வெளியே வந்துவிட்டது அப்பா, இனி இறங்கிவிடும்" என்று மகள் ஆறுதல் சொல்லிக் கஞ்சி கொடுக்கிறாள். அவள் அன்பில் குறையில்லை. ஆனால் அந்தக் கொப்புளம் சொல்லும் செய்தி வேறு. "உள்ளே ஏதோ பெரிதாக நடக்கிறது, காவல் தளர்ந்திருக்கிறது" என்கிறது அது. மலேரியாவாக இருந்தால், அவள் காத்திருக்கும் இன்னொரு நாளில் கிருமி பல மடங்காகிவிடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்து, கடந்த சில வாரங்களில் காட்டுப் பக்கமோ மலேரியா உள்ள வெளிநாட்டுக்கோ போயிருந்தால், அன்றே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். "டாக்டர், நான் காட்டுக்குப் போயிருந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் சோதனையில் எதுவும் தெரியாமல் காய்ச்சல் தொடர்ந்தால், மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள். காலத்தில் கண்டுபிடித்தால் மலேரியாவுக்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. சீனாவின் து யூயூ அம்மையார் ஒரு மூலிகையிலிருந்து கண்டெடுத்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்துக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. கொடுத்த மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

மலேரியாவிலும் உறங்கும் வகை ஒன்றுண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வைவாக்ஸ் என்ற வகை, கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கி மீண்டும் காய்ச்சலாக எழும். இந்தியாவுக்குப் போய் வந்தவர்களுக்கு அது வரக்கூடும். அதை வேரோடு நீக்கத் தனி மாத்திரை உண்டு. அந்த மாத்திரை சிலருடைய இரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே இரத்தம் சோதித்த பிறகே மருத்துவர் கொடுப்பார். நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

உதட்டுக் கொப்புளம் தானாக ஆறிவிடும். அதைக் கிள்ளாதீர்கள், தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கொப்புளம் ஆறும்வரை பச்சிளங் குழந்தையை முத்தமிடாதீர்கள். பெரியவர்களுக்குத் தொல்லையாக மட்டும் இருக்கும் இந்தக் கிருமி, பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். சோற்றை வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

உடம்பின் ஒரு பக்கத்தில் எரிச்சலும் வலியும் கண்டு, பட்டை போலக் கொப்புளம் எழுந்தால் அது அக்கியாக இருக்கலாம். காவி குழைத்து அக்கி எழுதுவது நம் முன்னோர் வழக்கம். அதனால் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம், கிருமி அடங்குவதில்லை. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் தரும். கண்ணைச் சுற்றி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம், பார்வை போய்விடலாம். அக்கி வராமல் காக்கும் தடுப்பூசியும் இப்போது இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறியலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொசுக்கடியைத் தவிர்ப்பதே முதல் காவல். காட்டோரத்தில் மாலை மங்கிய பின் வேலை இருந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள். கொசு விரட்டும் தைலம் பூசுங்கள். இரவில் தங்கினால் கொசுவலைக்குள் படுங்கள்.

நேயர்களே, உறங்கும் கிருமிகளை நம் உடம்பிலிருந்து துரத்த முடியாது. அவற்றோடுதான் நாம் வாழ்ந்தாக வேண்டும். நம்மால் முடிவது, அவற்றை அடக்கி வைத்திருக்கும் காவலைத் தளரவிடாமல் பார்த்துக்கொள்வது. நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் பட்ட காய்ச்சலுக்கு அன்று இரத்தப் பரிசோதனை இல்லை, நல்ல மருந்து இல்லை, கேட்க ஆளில்லை. இன்று அவையெல்லாம் நம் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கின்றன. காய்ச்சல் கண்ட அன்றே எழுந்து போவது ஒன்றுதான் நம் பங்கு. அதை நாம் செய்வோமாக.

மீண்டும் வேறொரு பொருளோடு சந்திப்போம். வணக்கம்.